அளவுகோல் முன் நின்ற மகன்!

5 அடி 5 அங்குலம்.

அதுதான் அந்த வாலிபரின் உயரம். எடை 179 ராத்தல். அதாவது 81 கிலோ.

நம் ஊரில் இது ஒரு குறையா? இல்லை. பஸ்சில் ஏறினால் மேலே உள்ள கம்பியைப் பிடித்துக்கொள்ளலாம். பெண் பார்க்கப் போனால், "பையன் குள்ளம்" என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். (பின்னால் சொல்வார்கள். அது வேறு விஷயம்.)

ஆனால் அந்த வாலிபர் விரும்பிய வேலை வேறு மாதிரியானது. 300 ராத்தல் எடையுள்ள ஆட்கள் சுவர் போல வரிசையாக நிற்பார்கள். அந்தச் சுவரில் ஒரு சந்து திறக்கும். ஒரே ஒரு விநாடிதான் திறந்து இருக்கும். அதற்குள் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு பாய்ந்து வெளியே போக வேண்டும். போகாவிட்டால், நாலைந்து பேர் மேலே விழுவார்கள்.

அவர் பெயர் டியூஸ் வான். அமெரிக்காக்காரர்.

அவருடைய அப்பாவின் பெயர் கிறிஸ் வான். மகனுக்கும் அதே பெயர்தான் வைத்தார்கள். இரண்டாவது கிறிஸ் வான். அதனால்தான் "டியூஸ்" என்று கூப்பிட்டார்கள். சீட்டுக் கட்டில் இரண்டாம் நம்பர் சீட்டுக்கு அந்த நாட்டில் அப்படி ஒரு பெயர் உண்டு.

அப்பாவின் உத்தியோகம் என்ன தெரியுமா? ஆட்டக்கார வாலிபர்களின் உயரத்தையும், எடையையும், ஓட்டத்தையும் பார்த்து, "இவன் தேறுவான், இவன் தேறமாட்டான்" என்று எழுதிக் கொடுப்பது!

அந்த அப்பாவின் முன்னால், ஒரு நாள் சொந்த மகனே வந்து நின்றார்.

இது என்ன ஆட்டம்?

அமெரிக்கர்கள் "புட்பால்" என்று சொன்னால், அது நாம் ஆடும் கால்பந்து அல்ல. பந்து உருண்டையாக இருக்காது. இரண்டு முனையும் கூராக, இளநீர்க் காய் போல இருக்கும். காலால் உதைப்பது கொஞ்சம். கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதும், கையால் எறிவதும்தான் அதிகம்.

ஒரு பக்கத்துக்கு 11 பேர். மைதானத்தின் நீளம் 100 கஜம். பந்து வைத்திருக்கும் கோஷ்டிக்கு நான்கு வாய்ப்பு உண்டு. அந்த நான்கு வாய்ப்பில் 10 கஜ தூரம் முன்னேற வேண்டும். முன்னேறினால், மறுபடியும் நான்கு வாய்ப்பு. முன்னேறாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும். இப்படியே போய் எல்லைக் கோட்டைத் தாண்டினால், அதற்கு "டச் டவுன்" என்று பெயர். 6 புள்ளி கிடைக்கும்.

சடுகுடு பார்த்தவர்களுக்கு இந்த ஆட்டம் சுலபமாக விளங்கும். பாடிப் போனவன் பிடிபடாமல் கோட்டுக்குத் திரும்பப் பார்ப்பான். மற்றவர்கள் காலைப் பிடிப்பார்கள், இடுப்பைப் பிடிப்பார்கள், மேலே விழுவார்கள். இங்கே பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறவருக்கு "ரன்னிங் பேக்" என்று பெயர். பாட்டு மட்டும்தான் இல்லை.

சாதாரணமாக ஒரு ரன்னிங் பேக் 5 அடி 10 அங்குலம் அல்லது 11 அங்குலம் இருப்பார். எடை 210 ராத்தலுக்குக் குறையாது. டியூஸ் வான் அதில் 30 ராத்தல் குறைவு.

கல்லூரியில் அவர் ராஜா

கான்சாஸ் மாநிலக் கல்லூரியில் டியூஸ் ஆடினார். அது இருக்கும் ஊருக்குப் பெயர் மன்ஹாட்டன். நியூயார்க்கில் வானளாவிய கட்டிடங்கள் இருக்கும் மன்ஹாட்டன் அல்ல. இது வேறு. சுற்றிலும் புல்வெளியும் மாட்டுப் பண்ணையும் உள்ள ஊர்.

2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டுகள் அங்கே ஆடினார். பந்துடன் ஓடிய தூரம் மொத்தம் 3,604 கஜம். ஓடிப் போட்ட டச் டவுன் 34. எறிந்த பந்தைப் பிடித்து முன்னேறியது இன்னொரு 1,280 கஜம். அதில் 9 டச் டவுன்.

நாடு முழுவதிலும் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்கள் என்று ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வெளியிடுவார்கள். அதில் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அவர் பெயர் வந்தது.

2022-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி, நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஒரு பெரிய பந்தயம். எதிரி அலபாமா. கல்லூரி ஆட்டத்தில் அலபாமா என்றால் எல்லோருக்கும் நடுக்கம்தான். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. டியூஸ் கையில் பந்து வந்தது. சுவரில் ஒரு சந்து தெரிந்தது. அவ்வளவுதான். 88 கஜம்! மைதானத்தின் ஒரு கோடியில் இருந்து மறு கோடி வரை ஒரே ஓட்டம். பின்னால் துரத்திய யாராலும் அவரைத் தொட முடியவில்லை.

அன்றைக்குக் கான்சாஸ் கோஷ்டி கடைசியில் தோற்றுத்தான் போனது. அலபாமா 45, கான்சாஸ் 20. ஆனால் அந்த 88 கஜ ஓட்டத்தை மறக்க முடியாது.

இன்னொரு விஷயம். அன்று அலபாமாவுக்காக ஆடிய பிரைஸ் யங் என்பவரும் அவருடைய வேலைக்குக் குள்ளம்தான். அவர் பந்தை எறியும் தலைவர். அந்த இடத்துக்கு ஆறு அடிக்கு மேல் ஆள் கேட்பார்கள். அவரோ 5 அடி 10 அங்குலம். அன்று எதிர் எதிராக ஆடிய இந்த இருவரும், நாலே மாதத்தில் ஒரே ஏலத்துக்கு வந்தார்கள். அதில் யங்கை முதல் ஆளாக எடுத்துக்கொண்டார்கள். டியூஸ் கதை வேறு.

ஏலம் என்று சொன்னேன். அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

மாட்டுச் சந்தை

கல்லூரியில் ஆடுவது ஒன்று. சம்பளத்துக்கு ஆடுவது வேறொன்று. அமெரிக்காவில் சம்பளத்துக்கு ஆடும் பெரிய கோஷ்டிகள் 32 உண்டு. கல்லூரியில் ஆடுகிற நூறு பேரில் இரண்டு பேர்கூட அங்கே போய்ச் சேருவதில்லை.

ஆண்டுதோறும் இண்டியானாபொலிஸ் நகரில் ஒரு சோதனை நடக்கும். முந்நூறுக்கும் அதிகமான வாலிபர்களை அழைப்பார்கள். உயரத்தை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு வரை அளப்பார்கள். எடை பார்ப்பார்கள். உள்ளங்கையை விரிக்கச் சொல்லி, கட்டை விரலில் இருந்து சுண்டு விரல் வரை அளப்பார்கள். 40 கஜம் ஓடச் சொல்லி, விநாடியை நூறாகப் பங்கு போட்டுக் கணக்குப் பார்ப்பார்கள். டாக்டர்கள் மூட்டு மூட்டாகத் திருகிப் பார்ப்பார்கள்.

சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரிதான். அமெரிக்காவிலேயே பலர் அப்படித்தான் சொல்லிக் குறைப்படுகிறார்கள்.

பிறகு ஏப்ரல் மாதத்தில் ஆள் எடுப்பு நடக்கும். "டிராப்ட்" என்று பெயர். உண்மையில் அது ஏலம்கூட அல்ல. கோஷ்டிகள் வரிசையாக, முறை வைத்து ஆளுக்கு ஒருவராகப் பெயர் சொல்வார்கள். முந்திய ஆண்டு மோசமாக ஆடிய கோஷ்டிக்கு முதல் முறை. மொத்தம் 7 சுற்று. ஆட்டக்காரர் இஷ்டப்பட்ட கோஷ்டிக்குப் போக முடியாது. யார் பெயர் சொல்கிறார்களோ, அங்கேதான் போக வேண்டும்.

முதல் சுற்றில் பெயர் வந்தால் கோடிக் கணக்கில் பணம். ஆறாவது, ஏழாவது சுற்றில் வந்தால், "வந்து ஆடிக் காட்டு, பார்க்கலாம்" என்று அர்த்தம். 2023-ம் ஆண்டு புதுமுகத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 7 லட்சத்து 50 ஆயிரம் டாலர். பெரிய தொகைதான். ஆனால் ஆள்கட்டு முடிவான பிறகும் பெயர் இருந்தால்தான் அந்தப் பணம். வெட்டிவிட்டால் இல்லை.

இந்த வாலிபர்களைப் பற்றி ஆண்டு முழுவதும் ஊர் ஊராகப் போய்க் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு "ஸ்கவுட்" என்று பெயர். நம் பள்ளிக்கூடத்தில் காக்கி உடுப்புப் போட்ட சாரணர்கள் அல்ல. இவர்கள் ஆள் பார்ப்பவர்கள். டியூஸ் வானின் அப்பா, டல்லஸ் கோஷ்டியில் அந்த இலாகாவில் ஓர் அதிகாரி.

முன்னால் போன குள்ளர்

டியூஸ் வானைப் பற்றிப் பேசிய ஒவ்வொருவரும் கூடவே இன்னொரு பெயரையும் சொன்னார்கள். டாரன் ஸ்புரோல்ஸ்.

அவரும் அதே கான்சாஸ் கல்லூரிதான். அவரும் ரன்னிங் பேக்தான். உயரம் 5 அடி 6 அங்குலம்.

பிறந்தபோது குழந்தை டாரன் 10 ராத்தல் எடை இருந்தானாம். அதனால் அப்பா வைத்த செல்லப் பெயர் "டாங்க்". யுத்தத்தில் ஓடும் டாங்கிதான்! பிறகு ஏனோ டாங்கி வளரவே இல்லை. பேச்சும் திக்கும். ஆனால் மைதானத்தில் கால் திக்கியதே இல்லை.

2003-ம் ஆண்டு, அப்போது நாட்டிலேயே முதல் இடத்தில் இருந்த ஓக்லஹாமா கோஷ்டியைக் கான்சாஸ் எதிர்த்து ஆடியது. ஓக்லஹாமா ஜெயிக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஸ்புரோல்ஸ் அன்று 235 கஜம் ஓடினார். கான்சாஸ் 35, ஓக்லஹாமா 7!

அந்த வெற்றிக்குப் பிறகு அவர் சம்பள ஆட்டத்துக்குப் போயிருக்கலாம். போகவில்லை. கல்லூரியில் இன்னும் ஓர் ஆண்டு இருந்தார். 2004-ம் ஆண்டு அவருடைய தாயார் புற்று நோயால் இறந்து போனார். அந்தத் துக்கத்தோடு கடைசி ஆண்டு ஆட்டத்தையும் ஆடி முடித்தார்.

2005-ம் ஆண்டு ஆள் எடுப்பு நடந்தது. 129 பேரை எடுத்த பிறகுதான் ஸ்புரோல்ஸ் பெயர் வந்தது. நான்காவது சுற்று. எடுத்தது சான்டீகோ கோஷ்டி.

அங்கே ஏற்கனவே லடேனியன் டாம்லின்சன் என்ற மகா பெரிய ரன்னிங் பேக் இருந்தார். புதுப் பையனுக்கு ஓட எங்கே இடம்? முதல் ஆண்டு முழுவதும் எட்டே எட்டுத் தடவைதான் பந்தைக் கொடுத்து ஓடச் சொன்னார்கள். இரண்டாவது ஆண்டு, பந்தயங்கள் தொடங்கும் முன்பே கணுக்கால் எலும்பு முறிந்தது. அந்த ஆண்டு முழுவதும் வீட்டில்.

பிறகு எப்படித் தப்பினார்? இதுதான் கதையின் முக்கியமான இடம்.

ஒரு கோஷ்டி புள்ளி எடுத்ததும், பந்தை உதைத்து எதிரியிடம் அனுப்பும். தூரத்தில் ஒருவர் நின்று அதைப் பிடித்து, 11 பேர் எதிரே ஓடிவர, அவர்களுக்கு நடுவே புகுந்து ஓட வேண்டும். உயிரை வெறுத்த வேலை. நட்சத்திர ஆட்டக்காரரை அதற்கு விடமாட்டார்கள். ஸ்புரோல்சை விட்டார்கள். முதல் ஆண்டிலேயே 63 தடவை இப்படிப் பந்தைப் பிடித்து ஓடி, 1,528 கஜம் சேர்த்தார்.

யாரும் விரும்பாத வேலையைச் செய்துகொண்டே காத்திருந்தார். மூன்று ஆண்டு ஆயிற்று.

2009-ம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி. தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய பந்தயம். டாம்லின்சனுக்கு உடம்பில் காயம். குள்ளரை இறக்கினார்கள். ஓடியது, பிடித்தது, திருப்பிக் கொண்டு வந்தது எல்லாம் சேர்த்து அன்று ஒருவரே 328 கஜம்! ஆட்டம் சமமாகி, கூடுதல் நேரத்துக்குப் போனது. அதிலும் 22 கஜம் ஓடி ஜெயித்துக் கொடுத்தவர் அவர்தான்.

அதற்குப் பிறகு அவரைக் குள்ளர் என்று யாரும் ஒதுக்கவில்லை. 2011-ம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் கோஷ்டிக்கு மாறினார். அந்த ஒரே ஆண்டில் எல்லா விதத்திலும் சேர்த்து 2,696 கஜம். அது வரை எந்த ஆட்டக்காரரும் ஓர் ஆண்டில் அவ்வளவு தூரம் போனதில்லை. 2019-ம் ஆண்டு ஓய்வு பெற்றபோது அவருடைய மொத்தக் கணக்கு 19,696 கஜம். சரித்திரத்தில் ஐந்தாவது இடம்.

உயரமா, எடையா?

"அப்படியானால் டியூஸ் வானும் தேறுவார்! ஒரே கல்லூரி, ஒரே உயரம்!" என்று சொல்லத் தோன்றும். நிறையப் பேர் சொன்னார்கள்.

ஆள் பார்ப்பவர்கள் அப்படிச் சொல்லவில்லை. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்ற பழமொழி நல்ல பழமொழிதான். ஆனால் பழமொழிக்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரன்னிங் பேக் வேலைக்கு உயரம் குறைவு என்பது குற்றமே அல்ல. குள்ளமாக இருப்பவர் பெரிய ஆட்களின் முதுகுக்குப் பின்னால் மறைந்து வரலாம். எதிரிக்குக் கண்ணில் படமாட்டார். உடலின் கனம் தரைக்குப் பக்கத்தில் இருப்பதால், சட்டென்று திரும்பலாம். பம்பரம் மாதிரி. நெட்டையான ஆளை இடுப்பில் பிடித்துச் சாய்த்துவிடலாம். குள்ளரைப் பிடிக்க, பிடிப்பவர் குனிய வேண்டும்.

பாரி சாண்டர்ஸ் 5 அடி 8 அங்குலம். பத்தே ஆண்டில் 15,269 கஜம் ஓடினார். எம்மிட் ஸ்மித் 5 அடி 9 அங்குலம். அவர் ஓடிய 18,355 கஜத்தை இன்று வரை யாரும் தாண்டவில்லை. மாரிஸ் ஜோன்ஸ் டுரூ 5 அடி 7 அங்குலம்தான். 2011-ம் ஆண்டு எல்லோரையும் விட அதிகமாக ஓடியவர் அவர்.

ஆனால் இந்த மூன்று பேருடைய எடையைப் பாருங்கள். எல்லோரும் 200 ராத்தலுக்கு மேல்! குள்ளம்தான்; ஆனால் உரல் மாதிரி ஆட்கள். டியூஸ் வான் 179. ஸ்புரோல்ஸ்கூட அவரை விட எட்டு ராத்தல் அதிகம்.

எடை எதற்கு? ஓடுவதற்கு அல்ல. காப்பதற்கு!

இதை வெளியே இருந்து பார்க்கிறவர்கள் கவனிப்பதில்லை. பந்தை எறியும் தலைவர்தான் கோஷ்டியின் உயிர். அவருக்குப் பல கோடி டாலர் சம்பளம். அவர் பந்தை எறியப் போகும்போது, எதிரிகள் அவரை நோக்கிப் பாய்வார்கள். அப்போது ரன்னிங் பேக் குறுக்கே நின்று, பாய்ந்து வருகிறவரைத் தன் உடம்பால் தடுக்க வேண்டும். வருகிறவர் 240, 250 ராத்தல் இருப்பார். பத்துப் பதினைந்து அடி ஓடி வந்து மோதுவார். 179 ராத்தல் ஆள் எவ்வளவு தைரியசாலியாக இருந்தாலும், தராசுத் தட்டு ஒரு பக்கம் சாய்ந்துதான் தீரும்.

தடுக்க முடியாதவரை ஆட்டத்தில் எப்போது இறக்குவார்கள்? ஓடுவதற்கு மட்டும் இறக்குவார்கள். அவர் இறங்கியதுமே எதிரி உஷாராகிவிடுவான். "இப்போது ஓட்டம்தான்" என்று தெரிந்துவிடும். பிறகு சந்து எங்கே திறக்கும்?

என் கருத்தைக் கேட்டால், டியூஸ் வானிடம் இருந்த குறை உயரம் அல்ல, எடைகூட முதல் குறை அல்ல. ஸ்புரோல்சுக்கு உள்ளே நுழையக் கிடைத்த வாசல் இவருக்குக் கிடைக்கவில்லை. கல்லூரியில் டியூஸ்தான் நட்சத்திரம். அதனால் உதைத்த பந்தைத் திருப்பிக் கொண்டு ஓடும் வேலையைப் பெரும்பாலும் வேறு ஆட்களுக்குக் கொடுத்தார்கள். அந்த வேலை அவருக்குப் பழக்கமில்லை. போதாக்குறைக்கு, 2023-ம் ஆண்டு ஒரு புது விதி வேறு வந்தது. தலையில் அடிபடுவதைக் குறைப்பதற்காக, பந்தைப் பிடிப்பவர் கையைக் காட்டிவிட்டு ஓடாமலே நின்றுவிடலாம், 25 கஜக் கோட்டில் இருந்து ஆட்டம் தொடங்கும் என்றார்கள். வாசல் இன்னும் குறுகியது.

டெலிபோன்

2023-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி. ஆள் எடுப்பின் கடைசி நாள்.

டல்லஸ் கோஷ்டியின் அறை. நடுவில் நீள மேஜை. சுற்றிலும் கோஷ்டியின் சொந்தக்காரர் ஜெரி ஜோன்ஸ், பயிற்சியாளர், ஆள் பார்ப்பவர்கள். அவர்களில் ஒருவராக கிறிஸ் வானும் இருந்தார்.

மகனைப் பற்றிய பேச்சில் அப்பா கலந்துகொள்ளவில்லை. "என் பையன் நல்லவன், எடுங்கள்" என்று சொல்லவில்லை. சொல்லவும் கூடாது. மற்ற பையன்களைப் பற்றி மட்டும் அபிப்பிராயம் சொன்னார். சொந்தப் பையனைப் பற்றிய முடிவை மற்றவர்களுக்கு விட்டுவிட்டார்.

நினைத்துப் பாருங்கள். ஊரார் பிள்ளைகளின் குறையை எல்லாம் எழுதிக் கொடுத்தவர் அவர். குள்ளமான பையன்களை என்ன சொல்வார்கள், எந்தச் சுற்று வரை தள்ளுவார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கணக்கு சரி என்றும் தெரியும். அதே கணக்கில் இன்று தன் மகன் நிற்கிறான்.

முதல் நாள் டியூஸ் பெயர் வரவில்லை. இரண்டாவது நாளும் வரவில்லை. மூன்றாவது நாள். நான்காவது சுற்று போனது. ஐந்தாவது சுற்றும் போனது. 32 கோஷ்டிகளில் ஒன்றுகூட அவரைக் கேட்கவில்லை.

ஆறாவது சுற்று. 212-வது இடம். டல்லசின் முறை.

டியூஸ் வானையே எடுப்பது என்று முடிவு செய்தார்கள்.

எடுக்கப்பட்ட பையனுக்கு உடனே டெலிபோன் செய்து சொல்வது வழக்கம். அதைக் கோஷ்டியின் பெரியவர்கள்தான் செய்வார்கள். அன்று கிறிஸ் வானிடம் டெலிபோனைக் கொடுத்தார்கள்.

அப்பாவுக்குக் குரல் எழும்பவில்லை. கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. சமாளித்துக்கொண்டு பேசினார். பெரிய பேச்சு ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் என்னோடு வேலைக்கு வருகிறாயா என்று மகனைக் கேட்டார். அவ்வளவுதான்!

அறையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அவரைக் கட்டித் தழுவினார்கள். அந்தக் காட்சியைப் படம் பிடித்துவைத்திருக்கிறார்கள். பல லட்சம் பேர் பார்த்தார்கள். ஆட்டம் என்றால் என்னவென்றே தெரியாத தாய்மார்களும் அதைப் பார்த்துக் கண் கலங்கினார்கள் என்றால், அதிசயம் இல்லை.

சலுகை காட்டி எடுத்துவிட்டார்கள் என்று சிலர் முணுமுணுத்ததும் உண்டு. அது நியாயமான பேச்சாக எனக்குத் தோன்றவில்லை. கல்லூரியில் 3,604 கஜம் ஓடியவரை 212-வது இடத்தில் எடுப்பது சலுகையா?

பிறகு என்ன நடந்தது?

சினிமாவாக இருந்தால் இங்கே மணி அடித்து, "சுபம்" போட்டிருப்பார்கள். இது சினிமா இல்லை.

2023-ம் ஆண்டு ஆகஸ்டில் நடந்த பழக்கப் பந்தயத்தில் டியூஸ் ஒரு டச் டவுன் போட்டார். டல்லஸ் ரசிகர்கள் ஆரவாரம் செய்தார்கள். 42 நம்பர் போட்ட சட்டை கடைகளில் விற்றது.

நிஜப் பந்தயங்கள் தொடங்கின. அந்த ஆண்டு 7 பந்தயங்களில் இறங்கினார். 23 தடவை பந்து கொடுத்தார்கள். ஓடியது 40 கஜம். ஓட்டத்துக்கு இரண்டு கஜம்கூட வரவில்லை. கல்லூரியில் ஒரு விநாடி திறந்திருந்த சந்து, இங்கே அரை விநாடியில் மூடிவிட்டது. கல்லூரியில் அவரைத் துரத்தியவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்தான் இந்த இடத்துக்கு வந்தவர்கள். இங்கேயோ எதிரே நிற்கும் 11 பேருமே அப்படி வந்தவர்கள்தான். எல்லோரும் பெரியவர்கள்; எல்லோரும் வேகமானவர்கள்.

சரி, உதைத்த பந்தைப் பிடித்து ஓடும் வேலைக்காவது போகலாமா? அங்கேயும் இடம் இல்லை. டல்லஸ் கோஷ்டியில் அந்த வேலைக்குக் கவான்டே டர்பின் என்பவர் ஏற்கனவே இருந்தார். அவருடைய எடை எவ்வளவு தெரியுமா? 160 ராத்தல்கூட இல்லை! டியூசை விட இலகுவான ஆள். மின்னல் வேகம். ஒரு குள்ளருக்கு இருந்த ஒரே வாசலில், அவரை விடச் சிறிய ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

2024-ம் ஆண்டு இன்னும் 7 பந்தயம். 17 ஓட்டம். 70 கஜம். முந்திய ஆண்டை விடப் பரவாயில்லை. ஆனால் போதாது.

2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் டல்லஸ் கோஷ்டி அவரை விடுவித்தது. அப்போது டியூசுக்கு வயது 23.

ஆக, அளவுகோல் சொன்னது சரியா? டியூஸ் விஷயத்தில் சரி என்றுதான் சொல்ல வேண்டும். 212-வது இடம் என்பது, "அநேகமாகத் தேறமாட்டார், ஒருவேளை தேறலாம்" என்பதற்கு ஏற்ற விலை. ஸ்புரோல்ஸ் விஷயத்தில் அதே அளவுகோல் தவறிவிட்டது. அவருக்கு முன்னால் எடுத்த 129 பேரில் எத்தனை பேர் 2019 வரை ஆடினார்கள்? விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ஒன்று. ஸ்புரோல்சின் முதல் மூன்று ஆண்டு ஓட்டக் கணக்கை மட்டும் எடுத்துப் பார்த்தால், அவரையும் அப்போதே வெட்டியிருப்பார்கள். அவர் ஓடியது மொத்தம் 45 தடவை. டியூஸ் இரண்டு ஆண்டில் ஓடியது 40 தடவை.

டாரன் ஸ்புரோல்ஸ் இப்போது ஆடுவதில்லை. ஓய்வு பெற்றதும், கடைசியாக ஆடிய பிலடெல்பியா கோஷ்டியிலேயே ஆலோசகராகச் சேர்ந்தார். எந்த இலாகா தெரியுமா? ஆட்டக்காரர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் இலாகா!